டிசம்பர் 17-ஆ, ஜனவரி 14-ஆ? துனிசிய எழுச்சியை எந்த நாளிலிருந்து படிப்பது

கரிசல்மண் (இழையைத் தொடங்கியவர்), 2025 ஜனவரி 14

நண்பர்களுக்கு வணக்கம். கடந்த டிசம்பர் 8 அன்று டமாஸ்கஸ் வீழ்ந்து பஷார் அல்-அசாத் நாட்டைவிட்டு ஓடியதிலிருந்து, 2011-இன் அரபு எழுச்சிகள் பற்றிய பேச்சு மீண்டும் எழுந்திருக்கிறது. அந்தப் பேச்சில் சிரியாவும் எகிப்தும் லிபியாவும் நிறைய வருகின்றன. எல்லாவற்றுக்கும் முதல் பொறி விழுந்த துனிசியாவை மட்டும் "அங்கே ஜனநாயகம் வந்தது, பிறகு அதுவும் போயிற்று" என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். எப்படி வந்தது, ஏன் போனது என்பதைப் பொறுமையாகப் பேச வேண்டும் என்பதற்காகவே இந்த இழை.

ஒரு விடுமுறை நாளிலிருந்து தொடங்குகிறேன். 2011 ஜனவரி 14 அன்று, 23 ஆண்டுகள் ஆண்ட பென் அலி விமானமேறி ஜித்தாவுக்குத் தப்பிச் சென்றார். அதன் பின் பத்தாண்டுகள் அந்த நாளே அங்கு புரட்சி நாள். 2021 டிசம்பரில் அதிபர் கைஸ் சயீத் அதை மாற்றி, சீதி பூசித் நகரில் முகமது புவாசிசி தீக்குளித்த டிசம்பர் 17-தான் புரட்சி நாள் என்று அறிவித்தார். சயீத் எந்த நோக்கத்தில் அதைச் செய்திருந்தாலும், இரண்டு நாட்களுக்கும் நடுவில் உள்ள 28 நாட்களில்தான் துனிசியாவின் பிற்காலக் கதை முழுவதும் ஒளிந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

புவாசிசிக்கு அப்போது 26 வயது. தள்ளுவண்டியில் பழமும் காய்கறியும் விற்றுப் பிழைத்தவர். நகராட்சியினர் அவருடைய தராசையும் சரக்கையும் பறித்துக்கொண்டார்கள். மாகாண ஆளுநர் அலுவலகத்தில் முறையிடச் சென்றவரை யாரும் உள்ளே விடவில்லை. அந்தக் கட்டடத்தின் வாசலிலேயே அவர் தம்மைக் கொளுத்திக்கொண்டார். அவர் ஒரு வேலையில்லாப் பட்டதாரி என்று அன்று உலகம் முழுவதும் எழுதினார்கள். உண்மையில் அவர் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர். இந்தப் பிழையை நான் சிறியதாக நினைக்கவில்லை. பட்டதாரி என்றால்தான் நகரத்து வாசகருக்கு அந்தச் சாவு புரியும் என்று யாரோ முடிவுசெய்திருக்கிறார்கள்.

அன்று மாலை சீதி பூசித்திலும், அடுத்த நாட்களில் மென்செல் பூசையான், தாலா, கஸ்ரீன் போன்ற உள்மாகாண ஊர்களிலும் எழுந்த முழக்கம், "வேலை எங்கள் உரிமை, கொள்ளைக் கூட்டமே!" என்பது. ஜனவரி 14 அன்று தலைநகர் துனிசில், ஹபீப் பூர்கிபா சாலையில், உள்துறை அமைச்சகத்தின் முன்னால் திரண்ட கூட்டம் "வெளியேறு!" என்று ஒரே சொல்லை முழங்கியது. இரண்டும் ஒரே எழுச்சியின் முழக்கங்கள்தாம். ஆயினும் உள்மாகாணத்திலிருந்து தலைநகர் வரை நடந்து வந்த வழியில் அந்த எழுச்சி வழக்குரைஞர்களையும் மருத்துவர்களையும் நடுத்தர வர்க்கத்தையும் சேர்த்துக்கொண்டு வலிமை பெற்றது. தன் முதல் சொல்லை மட்டும் வழியிலேயே தொலைத்துவிட்டது. "வெளியேறு" என்ற கோரிக்கை நிறைவேறிற்று. "வேலை" என்ற கோரிக்கை நிறைவேறவில்லை. 2021 ஜூலையில் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கியபோது அதைக் காக்க மக்கள் தெருவுக்கு வராததற்கு இதுவே முதற்காரணம் என்பது என் துணிபு. உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

இளவேனில்

கரிசல்மண் ஐயாவின் பதிவை இரண்டு முறை படித்தேன். எழுத்துக்கு நன்றி, முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை.

"வயிறு நிறையாததால் மக்கள் ஜனநாயகத்தைக் கைவிட்டார்கள்" என்ற விளக்கம், ஆட்சியைக் கைப்பற்றியவரின் பொறுப்பை மக்களின் தலையில் இறக்கி வைக்கிறது. 2021 ஜூலை 25 அன்று நடந்தது என்ன? 2014-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 80-ஆவது பிரிவு, நாட்டுக்கு உடனடி ஆபத்து நேரும்போது அதிபர் சிறப்பு நடவடிக்கை எடுக்கலாம் என்று சொல்கிறது. அதே பிரிவு, அந்தக் காலம் முழுவதும் நாடாளுமன்றம் தொடர்ந்து கூடியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சயீத் அந்தப் பிரிவைக் காட்டியே பிரதமர் ஹிஷாம் மெஷீஷியை நீக்கினார், நாடாளுமன்றத்தையும் முடக்கினார். இது சட்டத்துக்கு உட்பட்டதா என்று தீர்ப்பளிக்க வேண்டிய அரசமைப்பு நீதிமன்றம் அன்று இல்லை. கலைக்கப்பட்டிருந்தது என்று பொருளில்லை. அது அமைக்கப்படவே இல்லை.

பன்னிரண்டு நீதிபதிகளில் நால்வரை நாடாளுமன்றம், நால்வரை நீதித்துறை உயர் மன்றம், நால்வரை அதிபர் தேர்ந்தெடுக்க வேண்டும். 2014 தேர்தலுக்குப் பின் ஓராண்டுக்குள் இது முடிந்திருக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் ஒவ்வொரு நீதிபதிக்கும் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 217-இல் 145 வாக்குகள் தேவை. கட்சிகள் ஒருவர் பெயரை மற்றவர் வெட்டிக்கொண்டே இருந்து, 2018-இல் ஒரே ஒரு நீதிபதியைத்தான் தேர்ந்தெடுத்தன. அந்த நீதிமன்றம் அமைந்தால் அது எதிர்க்கட்சியின் கையில் போய்விடுமோ என்று எல்லோரும் அஞ்சினார்கள். 2021 ஏப்ரலில் வாக்கு எண்ணிக்கைத் தேவையைக் குறைத்து அவர்கள் சட்டத்தைத் திருத்தியபோது, காலக்கெடு கடந்துவிட்டது என்று சொல்லி சயீத் கையொப்பமிட மறுத்தார். மூன்று மாதம் கழித்து நடந்தது உங்களுக்குத் தெரியும்.

ஆகவே துனிசிய ஜனநாயகம் பசியால் சாகவில்லை. வீட்டுக்குக் கதவு வைக்காமலே ஆறு ஆண்டுகள் குடியிருந்தார்கள், ஒருவர் உள்ளே நுழைந்துவிட்டார்.

நீலநதி

எகிப்தைப் பற்றிச் சிறிது சொல்ல அனுமதியுங்கள். துனிசியாவை எகிப்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இந்த விவாதம் நகராது.

எகிப்தில் 2011 ஜனவரி 25 அன்று எழுந்த முழக்கம் "ஐஷ், சுதந்திரம், சமூக நீதி" என்பது. எகிப்திய வழக்கில் ஐஷ் என்றால் ரொட்டி. அந்தச் சொல்லின் வேர்ப்பொருள் வாழ்வு. எனவே கரிசல்மண் ஐயா துனிசியாவில் காணும் அதே முதற்சொல் கெய்ரோவிலும் இருந்தது. மஹல்லா நூற்பாலைத் தொழிலாளர்கள் 2006 முதல் நடத்திய வேலைநிறுத்தங்கள் இல்லாமல் தஹ்ரீர் சதுக்கம் இல்லை. "ஏப்ரல் 6 இளைஞர் இயக்கம்" என்ற பெயரே 2008 ஏப்ரல் 6 அன்று மஹல்லாவில் திட்டமிடப்பட்ட வேலைநிறுத்தத்திலிருந்து வந்தது. எகிப்திய அதிபர் முபாரக்கின் கடைசி மூன்று நான்கு நாட்களில், சதுக்கத்தில் இருந்தவர்களால் மட்டும் செய்ய முடியாததை, சூயஸிலும் மற்ற தொழில் நகரங்களிலும் வேலையை நிறுத்தியவர்கள் செய்து முடித்தார்கள்.

ஆனால் அந்தத் தொழிலாளர்களுக்குச் சொந்தமாக ஒரு சங்கம் இல்லை. 1957-இல் நாசர் காலத்தில் அமைந்த தொழிற்சங்கக் கூட்டமைப்பு அரசின் ஒரு துறையைப் போலவே நடந்தது. சுதந்திரமான கூட்டமைப்பை தஹ்ரீர் சதுக்கத்திலேயே, 2011 ஜனவரி 30 அன்றுதான் அறிவித்தார்கள். அதாவது எழுச்சி தொடங்கி ஐந்து நாள் கழித்து. எதிரே நின்ற ராணுவத்திடம் நான்கு லட்சத்துக்கும் அதிகமான வீரர்கள், தொழிற்சாலைகள், நிலம், சாலைக் கட்டுமானம், உணவு உற்பத்தி எல்லாம் இருந்தன. பிப்ரவரி 11 அன்று முபாரக் விலகியபோது ஆட்சி மக்களிடம் வரவில்லை, ராணுவ உயர் மன்றத்திடம் போயிற்று. "ராணுவமும் மக்களும் ஒரே கை" என்று அன்று முழங்கியவர்கள் நேர்மையாகவே முழங்கினார்கள். அக்டோபரில் மாஸ்பெரோவிலும் நவம்பரில் முகமது மஹ்மூத் தெருவிலும் அந்தக் கை யாரை அடித்தது என்று பார்த்தார்கள். 2013 ஜூலை 3 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் மொர்சி நீக்கப்பட்டார். ஆகஸ்ட் 14 அன்று அவருடைய ஆதரவாளர்கள் கூடியிருந்த ராபியா சதுக்கத்தில் ஒரே நாளில் குறைந்தது 817 பேர் கொல்லப்பட்டதாக மனித உரிமைக் கண்காணிப்பகம் பதிவு செய்திருக்கிறது.

துனிசிய ராணுவத்தில் அன்று சுமார் 35,000 பேர்தான். துனிசியாவின் முதல் அதிபர் பூர்கிபா அதைச் சிறிதாகவே வைத்திருந்தார். பென் அலி காவல்துறையைத்தான் ஊட்டி வளர்த்தார். நாட்டை ஆளும் அளவுக்குச் சொத்தோ பழக்கமோ அந்த ராணுவத்துக்கு இல்லை. ஆகையால் இளவேனில் அவர்கள் சொல்லும் நீதிமன்றக் கதவைப் பற்றிப் பேசும் வாய்ப்பே துனிசியாவுக்குக் கிடைத்ததற்குக் காரணம், கெய்ரோவில் இருந்ததைப் போன்ற ராணுவம் அங்கே இல்லாததுதான்.

கரிசல்மண்

நீலநதி நண்பருக்கு நன்றி. ராணுவம் சிறியது என்பது பாதி விடைதான். எகிப்தில் இல்லாத ஒன்று துனிசியாவில் இருந்தது என்பது மறுபாதி. 1946-இல் ஃபர்ஹாத் ஹஷ்ஷாத் தலைமையில் அமைந்த துனிசியத் தொழிலாளர் பொதுச் சங்கத்தைச் சொல்கிறேன். பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான போராட்டத்தில் அது முன்னணியில் நின்றது. 1952 டிசம்பர் 5 அன்று ஹஷ்ஷாத் சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலைக்குப் பின் எந்த ஆட்சியாளரும் அந்தச் சங்கத்தை முழுவதும் விழுங்க முடியவில்லை. 1978 ஜனவரி 26 அன்று அது நடத்திய பொது வேலைநிறுத்தத்தைப் பூர்கிபா ரத்தத்தில் அடக்கினார். "கறுப்பு வியாழன்" என்று இன்றும் சொல்கிறார்கள்.

அந்தச் சங்கத்தை நான் புனிதமாக்கவில்லை. அதன் மேல்மட்டம் 2004-இலும் 2009-இலும் பென் அலியின் வேட்பு மனுவை ஆதரித்தது. 2008-இல் கஃப்சா சுரங்கப் பகுதியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2008 ஜனவரி 5 அன்று கஃப்சா பாஸ்பேட் நிறுவனம் வேலைக்கு எடுத்தவர்களின் பட்டியலை வெளியிட்டது. தகுதியுள்ள உள்ளூர் இளைஞர்கள் விடுபட்டு, சிபாரிசு உள்ளவர்களின் பெயர்கள் வந்திருந்தன. ரெதேயஃப் ஊர் மக்கள் பாஸ்பேட் ரயில் போகும் தண்டவாளத்தில் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். சுரங்கத் தொழிலாளர்களின் விதவைகளும் உட்கார்ந்தார்கள். ஆறு மாதம் நீடித்த அந்தப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது, ராணுவம் ஊருக்குள் வந்தது, நூற்றுக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். அப்போது அந்த மாகாணத்தின் சங்கத் தலைவர் ஆளுங்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும், சுரங்கத்துக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்த நிறுவனங்களோடு தொடர்புடையவராகவும் இருந்தார். போராட்டத்தின் முன்னால் நின்றவர்களோ அதே சங்கத்தின் உள்ளூர் ஆசிரியர்கள்! ஒரே கட்டடத்தின் மேல்மாடியில் அரசு, கீழ்த்தளத்தில் மக்கள்.

2010 டிசம்பரில் திறந்தது அந்தக் கீழ்த்தளத்தின் கதவு. சீதி பூசித்திலும் கஸ்ரீனிலும் ஆசிரியர் சங்கமும் அஞ்சல் ஊழியர் சங்கமும் தம் அலுவலகங்களைப் போராடுபவர்களுக்குத் திறந்துவிட்டன. காவல்துறையிடமிருந்து ஓடி வந்தவர்கள் ஒதுங்கவும், அடுத்த நாள் ஊர்வலத்தைத் திட்டமிடவும் ஒரு கூரை கிடைத்தது. ஜனவரி 8 முதல் 12 வரை தாலாவிலும் கஸ்ரீனிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் மேல்மாடியும் இணங்க வேண்டியதாயிற்று. ஜனவரி 12 அன்று ஸ்ஃபாக்ஸ் நகரில் பெரும் வேலைநிறுத்தம், 14 அன்று துனிசில் வேலைநிறுத்தம். 13-ஆம் நாள் இரவு பென் அலி முதன்முறையாகப் பேச்சு வழக்கு அரபியில் தொலைக்காட்சியில் தோன்றி, "உங்களைப் புரிந்துகொண்டேன்" என்றார். அதற்கு மூன்று நாள் முன்புதான் 3,00,000 வேலைகள் தருவதாக வாக்களித்திருந்தார். 23 ஆண்டுகள் கேட்காத காதுக்கு நான்கே நாளில் கேட்டுவிட்டதாகச் சொன்னால் யார் நம்புவார்கள்?

கடலோடி67

ஃபேஸ்புக்தான் இந்தப் புரட்சியைச் செய்தது என்று அப்போது எல்லாப் பத்திரிகைகளும் எழுதினவே, அதில் உண்மை இல்லையா?

கரிசல்மண்

உண்மை உண்டு, அளவு கடந்து சொன்னார்கள். 2008-இல் ரெதேயஃப் ஆறு மாதம் எரிந்தும் நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு அது சரியாகத் தெரியவில்லை. 2010-இல் சீதி பூசித்தில் கைப்பேசியில் எடுத்த காட்சிகள் ஃபேஸ்புக்கில் ஏறின, அல் ஜசீரா அவற்றை எடுத்து ஒளிபரப்பியது, அதே காட்சிகளை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். தணிக்கைச் சுவரில் விழுந்த ஓட்டை அது. ஓட்டை வழியாகப் போன ஆட்களைத் திரட்டியது சங்க அலுவலகங்களும் வழக்குரைஞர் மன்றங்களும்.

பாலைத்திணை

பொதுவாக இந்த மன்றத்தில் படிப்பதோடு நிறுத்திக்கொள்பவன். ஸ்ஃபாக்ஸ் பெயரைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. 2013 முதல் 2016 வரை ஸ்ஃபாக்ஸுக்குத் தெற்கே கடற்கரையில் ஒரு பாஸ்பாரிக் அமில ஆலையில் வேதிப் பொறியாளனாக வேலை பார்த்தேன். அங்கே இந்தியர்கள் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நம் ஊரில் டிஏபி உரம் செய்யத் தேவைப்படும் பாஸ்பாரிக் அமிலத்தில் ஒரு பங்கு துனிசியாவிலிருந்து வருகிறது. ரெதேயஃப் மலையில் வெட்டிய கல் நம் வயலுக்கு வந்து சேர்கிறது என்று முதல் நாள் கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது.

எழுச்சிக்கு முன் 2010-இல் அந்நாடு ஏறத்தாழ 80 லட்சம் டன் பாஸ்பேட் வெட்டியது. 2011-இல் அது 25 லட்சம் டன் அளவுக்கு விழுந்தது. அதன் பின் வந்த ஆண்டுகளில் பழைய அளவில் பாதியைத் தாண்டுவதே கடினமாயிற்று. காரணத்தை நான் கண்ணால் பார்த்தேன். மாதத்தில் சில வாரங்கள் எங்களுக்குக் கல் வராது. சுரங்க ஊர்களில் யாராவது தண்டவாளத்தில் உட்கார்ந்திருப்பார்கள், கேட்பது வேலை. அரசுக்கு அவர்களை அடிக்கத் துணிவு இல்லை, கொடுக்கப் பணமும் இல்லை. இறுதியில், சுற்றுச்சூழல் பராமரிப்பு, செடி நடுதல் என்ற பெயரில் நிறுவனங்களை உண்டாக்கி ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அங்கே நடுவதற்குச் செடியும் இல்லை, ஊற்றுவதற்குத் தண்ணீரும் இல்லை. அந்த நிறுவனங்களுக்கான செலவு சுரங்கத்தின் மேல் விழுந்தது, சுரங்கமோ ஓடவில்லை.

என்னோடு ஷிஃப்டில் இருந்த ரெதேயஃப் நகரத்துக்காரர் ஒருவரிடம், நீங்கள் படித்து வேலைக்கு வந்துவிட்டீர்கள், உங்கள் ஊர்க்காரர்கள் தண்டவாளத்தை மறிப்பதால் நம் ஆலையே நிற்கிறதே என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "அந்தக் கல்லை 1890-களிலிருந்து வெட்டுகிறார்கள். எங்கள் ஊரில் குழாயில் வரும் தண்ணீரைக் குடித்தால் பல் பழுப்பாகும். அந்த ரயில் எங்கள் ஊரிலிருந்து கல்லை எடுத்துக்கொண்டு போகும், திரும்பும்போது காலியாக வரும். அதை நிறுத்தினால்தான் நாங்கள் இருக்கிறோம் என்று யாருக்காவது தெரியும்" என்றார். டிசம்பர் 17-ஆ ஜனவரி 14-ஆ என்று இங்கே தலைப்பு வைத்திருக்கிறீர்கள். அவருக்கு இரண்டும் இல்லை, புரட்சி தொடங்கிய நாள் 2008 ஜனவரி 5 என்று அடித்துச் சொல்வார்.

தாமரைக்குளம்

எல்லோரும் பொருளாதாரத்தையும் சட்டத்தையும் எடைபோடும்போது, நடுவில் இருந்த மூன்று ஆண்டுகளை யாரும் தொடவில்லை. அந்த மூன்று ஆண்டுகளை நான் பெரிதும் மதிக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

2011 அக்டோபர் 23 அன்று நடந்த அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் 217 இடங்களில் 89 இடங்களை அந்நஹ்தா கட்சி வென்றது. சிறையிலும் நாடுகடத்தலிலும் இருபது ஆண்டுகள் கழித்த இஸ்லாமியக் கட்சி அது. ஒவ்வொரு கட்சியின் பட்டியலிலும் ஆணும் பெண்ணும் மாறி மாறி வர வேண்டும் என்ற விதி அந்தத் தேர்தலில் இருந்தது. 2012 ஆகஸ்டில், பெண் குடும்பத்தில் ஆணுக்கு "நிறைவு சேர்ப்பவள்" என்ற பொருள்பட அரசமைப்பு வரைவில் ஒரு சொற்றொடர் வந்தது. 1956-லேயே பலதார மணத்தைத் தடைசெய்த நாடு அது. அந்தச் சட்டம் இயற்றப்பட்ட நாளான ஆகஸ்ட் 13 அன்றே ஆயிரக்கணக்கான பெண்கள் துனிஸ் தெருக்களில் இறங்கினார்கள், அந்தச் சொற்றொடர் நீக்கப்பட்டது. 2014-இன் அரசமைப்பில், தேர்ந்தெடுக்கப்படும் அவைகளில் ஆண்-பெண் சமநிலைக்கு அரசு முயல வேண்டும் என்ற 46-ஆவது பிரிவு இடம்பெற்றது.

அதற்கு முன் இரண்டு கொலைகள். 2013 பிப்ரவரி 6 அன்று இடதுசாரி வழக்குரைஞர் ஷுக்ரி பெலய்த், ஜூலை 25 அன்று சீதி பூசித்தைச் சேர்ந்த சபை உறுப்பினர் முகமது பிராஹ்மி. இருவரும் வீட்டு வாசலில் சுடப்பட்டார்கள். எகிப்தில் மொர்சி நீக்கப்பட்டு மூன்றே வாரம் ஆகியிருந்தது. அடுத்து துனிசியா என்று எல்லோரும் எண்ணிய அந்தக் கோடையில், தொழிலாளர் பொதுச் சங்கம், முதலாளிகள் சங்கம், மனித உரிமைக் கழகம், வழக்குரைஞர் மன்றம் ஆகிய நான்கும் கட்சிகளை ஒரே மேசைக்கு இழுத்து வந்தன. தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து அழைத்தால் எந்தக் கட்சி மறுக்க முடியும்? அந்நஹ்தா ஆட்சியை விட்டு இறங்கிற்று. 2014 ஜனவரி 26 அன்று 216 பேர் வாக்களித்ததில் 200 பேர் ஆதரிக்க அரசமைப்புச் சட்டம் நிறைவேறியது. வாக்கெடுப்பு முடிந்ததும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதவர்களில், ஆறு மாதத்துக்கு முன் ஒருவரையொருவர் கொலையாளி என்று ஏசியவர்களும் இருந்தார்கள். 2015-இல் அந்த நால்வர் அணிக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

ஆட்சியிலிருந்த இஸ்லாமியக் கட்சி ஒன்று, துப்பாக்கி முனையில் அல்லாமல் பேச்சின் முடிவில் இறங்கிய அந்த நிகழ்ச்சிக்கு அரபு நாடுகளில் இணை தேடினால் கிடைப்பது அரிது. அதைத் "தலைநகரத்தார் வேலை" என்று கரிசல்மண் ஐயா ஒதுக்கிவிடக் கூடாது.

இளவேனில்

சகோதரி தாமரைக்குளம் எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். அங்கிருந்தே என் கேள்வியையும் தொடர்கிறேன். அதே தொழிலாளர் சங்கம் 2021 ஜூலையில் என்ன செய்தது? சயீத்தின் நடவடிக்கையைக் கண்டிக்கவில்லை. உரிமைகளுக்கு உறுதி வேண்டும், காலவரையறை வேண்டும் என்று சொல்லி, ஏறத்தாழ வரவேற்றது. முரண்பட்டு 2022 ஜூன் 16 அன்று பொதுத்துறையில் வேலைநிறுத்தம் நடத்தியபோது எல்லாம் கைமீறிவிட்டது. 2022 மார்ச்சில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. ஜூலையில் அதிபருக்கு எல்லா அதிகாரமும் தரும் புதிய அரசமைப்பு, 30 சதவீதம் அளவே வாக்குப்பதிவான பொது வாக்கெடுப்பில் நிறைவேறியது. 2023 ஏப்ரலில் அந்நஹ்தா தலைவர் ராஷித் கன்னூஷி கைதானார். "பொய்ச் செய்தி" என்ற பெயரில் 54-ஆம் எண் ஆணையின் கீழ் இதழாளர்களும் வழக்குரைஞர்களும் சிறைக்குப் போகிறார்கள். கடந்த அக்டோபரில் சயீத் 90 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பெற்றார். வாக்களிக்க வந்தவர்கள் 29 சதவீதம்கூட இல்லை.

சங்கத்தின் வலிமை அரசு ஊழியரிடமும் பொதுத்துறை நிறுவனங்களிடமும் இருந்தது. எழுச்சிக்குப் பின் அரசின் சம்பளச் செலவு பெருகிக்கொண்டே போனதில் சங்கத்துக்கும் பங்கு உண்டு. புவாசிசியைப் போன்ற தள்ளுவண்டிக்காரர் எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் இல்லை. ஐயா போற்றும் கீழ்த்தளத்திலும் அவருக்கு இடம் இருந்ததா?

கரிசல்மண்

இளவேனில் அவர்களின் கடைசிக் கேள்வி என்னை இரண்டு நாள் எழுதவிடாமல் செய்தது. அவருக்கு இடம் இல்லை என்பதே விடை. சங்கம் அந்தச் சாவுக்குப் பின் தெருவுக்கு வந்தது. அந்த வாழ்வுக்குள் அது இருந்ததில்லை. இதை ஒப்புக்கொள்கிறேன். 2013-இன் பேச்சுவார்த்தையை நான் ஒதுக்கியது போலத் தோன்றியிருந்தால் அது என் எழுத்தின் குறை. நான்கு அமைப்புகளும் நாட்டை உள்நாட்டுப் போரிலிருந்து காத்தன என்றே நானும் நினைக்கிறேன்.

ஆனாலும் கதவு இல்லாத வீடு என்ற உவமையை நான் ஏற்கவில்லை. கதவு பொருத்தப்படாததற்குக் காரணம் மறதி அன்று. 2014-க்குப் பின் நிதா துனிஸ் கட்சியும் அந்நஹ்தாவும் கைகோத்து ஆண்ட ஆண்டுகளில், யாரையும் பகைத்துக்கொள்ளாமல் இருப்பதே ஆட்சிக் கலையாயிற்று. பழைய ஆட்சியில் கொழுத்தவர்களைத் தொட்டால் கூட்டணி உடையும், அதனால் தொடவில்லை. 2017-இல் பழைய அதிகாரிகளுக்கு "நிர்வாக இணக்கச் சட்டம்" என்று பொதுமன்னிப்பே கொடுத்தார்கள். நீதிமன்றத்தை நிறுத்திவைத்ததும், ஊழல்காரரை விட்டுவைத்ததும், உள்மாகாணங்களுக்கு முதலீட்டைத் திருப்பாததும் ஒரே பழக்கத்தின் மூன்று முகங்கள். பூர்கிபா மொனஸ்தீரைச் சேர்ந்தவர், பென் அலி ஹம்மாம் சூஸைச் சேர்ந்தவர், இருவரும் கடற்கரைக்காரர்கள். சாலையும் தொழிற்சாலையும் மருத்துவமனையும் கடற்கரையில் குவிந்ததற்குப் பின்னால் அந்த வரலாறு உண்டு. புரட்சிக்குப் பிந்திய ஏறத்தாழ பத்து அரசுகளில் எதுவும் அந்த வரைபடத்தை மாற்றவில்லை. 2016 ஜனவரியில் கஸ்ரீனில், வேலைப் பட்டியலிலிருந்து தன் பெயர் நீக்கப்பட்டதை எதிர்த்து மின்கம்பத்தில் ஏறிய ஓர் இளைஞர் மின்சாரம் பாய்ந்து இறந்தார். பட்டியல், விடுபட்ட பெயர், சாவு. 2008-இலும் அதே பட்டியல்தானே?

2021 ஜூலையில் கொரோனாவால் மருத்துவமனைகளில் ஆக்சிஜன் இல்லாமல் மக்கள் இறந்துகொண்டிருந்தபோது, நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் கைகலப்பில் ஈடுபட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள், ஜூலை 25 இரவு ஊரடங்கையும் மீறித் தெருவில் வந்து கொண்டாடினார்கள். அவர்கள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு அந்த நாடாளுமன்றம் என்னவாக இருந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

நீலநதி

ஐயா, ஒரு சிறு விவரம் கேட்கிறேன். துனிசிய எழுச்சியில் உயிரிழந்தவர்கள் 338 பேர் என்று ஓரிடத்திலும் 129 பேர் என்று இன்னோரிடத்திலும் படித்தேன். எகிப்தில் 18 நாட்களில் குறைந்தது 846 பேர் என்று அரசு விசாரணைக் குழு கணக்கிட்டது. இங்கே எது சரி?

கரிசல்மண்

இரண்டுமே அரசு தொடர்பான எண்கள். எழுச்சிக் கால வன்முறையை ஆராய அமைத்த குழு 2012-இல் தந்த அறிக்கையில் இறந்தவர்கள் 338, காயமுற்றவர்கள் 2,147. அதன் பிறகு தியாகிகள் யார், காயமுற்றவர்கள் யார் என்று முடிவுசெய்யும் அதிகாரப்பூர்வப் பட்டியலுக்காகக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. அது அரசிதழில் வெளிவந்தது 2021 மார்ச்சில். அதில் 129 தியாகிகள், 634 காயமுற்றவர்கள். முதல் கணக்கில் சிறைகளில் இறந்தவர்களும் காவல்துறையினரும் சேர்ந்திருந்தார்கள் என்பது வேறுபாட்டில் ஒரு பகுதியை விளக்கும். மகன் பெயர் இல்லாத குடும்பங்களுக்கு அது விளக்கம் ஆகாது. பலர் வழக்குத் தொடுத்தார்கள்.

தாலா, கஸ்ரீன் துப்பாக்கிச் சூடு பற்றிய வழக்கு முதலில் ராணுவ நீதிமன்றத்தில் நடந்தது. 2014 ஏப்ரலில் மேல்முறையீட்டில் உயர் அதிகாரிகள் பலரின் தண்டனை மூன்றாண்டாகக் குறைக்கப்பட்டு, ஏற்கெனவே சிறையில் இருந்த காலம் கழிக்கப்பட்டு அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அரசமைப்புச் சட்டம் நிறைவேறி மூன்று மாதம்கூட ஆகவில்லை. பிறகு, பழைய ஆட்சிகளின் அத்துமீறல்களை விசாரிக்க அமைத்த உண்மை மற்றும் கண்ணிய ஆணையம் 60,000-க்கும் அதிகமான முறையீடுகளைப் பெற்று, இந்த வழக்கையும் சிறப்பு நீதிமன்ற அமர்வுகளுக்கு அனுப்பிற்று. அந்த அமர்வுகள் 2018 மே மாதம் தொடங்கின. குற்றம் சாட்டப்பட்டவர்கள் வருவதில்லை, நீதிபதிகள் மாற்றலாகிப் போகிறார்கள், வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் தாலாவிலிருந்து பேருந்தேறிக் கஸ்ரீன் நீதிமன்றத்துக்கு வருபவர்கள் இப்போது வயது முதிர்ந்த பெற்றோர்கள்.